வெண்ணெய்க்கு எதிரில் ஒரு கோப்பை: ட்ரென்டினோ சாப்பாட்டோடு ஒயினும் கிராப்பாவும் சேர்ப்பது எப்படி

வட இத்தாலியின் ட்ரென்டோ நகரில் நான் இருந்த முதல் குளிர்காலம். ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் சுட்ட டிரவுட் மீனும், ஒரு கோப்பை டெரோல்டெகோவும் கேட்டேன். மீன் அந்த ஊர் ஓடையில் வளர்ந்தது, சிவப்பு ஒயின் அந்த ஊர்ச் சமவெளியில் விளைந்தது. ஒரே மண்ணில் பிறந்தவை ஒத்துப்போகும் என்று என் கணக்கு. ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல வாயெல்லாம் ஒரு தகர வாடை. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வெளிர்மஞ்சளாக ஒரு ஒயினைக் கால் கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். சிவப்பை மேசையின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுப் போய்விட்டார். நொஸியோலா என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. மீன் மறுபடியும் மீனாகிவிட்டது.

சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு சேரும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது. ஆக, ‘உள்ளூர்ச் சாப்பாட்டுக்கு உள்ளூர் ஒயின்’ என்று எல்லோரும் சொல்லும் விதி பாதிதான் சரி. உள்ளூரில் எந்த ஒயின் என்பதுதான் மீதிப் பாதி. அதற்குத்தான் இந்த வழிகாட்டி. கடைசியில் கிராப்பா என்ற திராட்சைச் சாராயமும் வரும்.

முதல் படி: பாட்டிலை விடுங்கள், தட்டைப் பாருங்கள்

ட்ரென்டினோ என்பது கார்டா ஏரியின் வடக்கு முனையிலிருந்து டோலோமைட் மலைகள் வரை ஏறிப் போகும் ஒரு மாகாணம். அடிஜே ஆறு நடுவில் ஓடுகிறது. முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்த நிலம், அதனால் சமையலறையும் பாதி இத்தாலி, பாதி ஆஸ்திரியப் பக்கத்து டிரோல். ஏரிக்கரையில் ஆலிவ் மரம் வளரும், அங்கே எண்ணெய். கொஞ்சம் மேலே ஏறினால் மாடு, பால், வெண்ணெய். இத்தாலியச் சாப்பாடு என்றதும் நம் கண்முன் வரும் தக்காளிச் சாறு இங்கே ராஜா இல்லை.

இந்த ஊர்த் தட்டில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு: வெண்ணெய், புகை, உப்பு, மாவு. உருக்கிய வெண்ணெயில் சேஜ் இலை பொரிய, அதை எதன் மேலாவது ஊற்றுவார்கள். ஸ்பெக் என்ற பன்றித் தொடை இறைச்சியை உப்பிட்டு, லேசாகப் புகை காட்டி, மாதக்கணக்கில் காற்றில் உலர்த்துவார்கள். மாவு என்றால் சோள மாவு, உருளைக்கிழங்கு, காய்ந்துபோன ரொட்டி.

நெய் மிதக்கும் வெண்பொங்கலுக்குக் கொத்சு எதற்கு? அதே வேலையைத்தான் இங்கே ஒயின் செய்ய வேண்டும். கொழுப்பைப் புளிப்பு அறுக்கும். துவர்ப்புக்கு இறைச்சியின் புரதம் வேண்டும், இல்லாவிட்டால் அது நாக்கையே பிடித்துக்கொள்ளும். உப்பும் புகையும் தூக்கலாக இருந்தால் சாராய வீரியம் குறைந்த, பழ வாசனை நிறைந்த ஒயின் வேண்டும். வீரியம் அதிகமானால் காரம் போல எரியும். இந்த மூன்றும் மனதில் நின்றால் மெனு அட்டையில் பாதிப் பெயர் புரியாவிட்டாலும் தப்பித்துவிடலாம்.

இரண்டாம் படி: எந்த உயரத்தில் எது விளைகிறது

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட நிலத்தின் உயரத்தோடு சேர்த்து நினைவு வைப்பது சுலபம். கீழே சிவப்பு, மேலே வெள்ளை என்று பொதுவாகச் சொல்லலாம்.

அடிமட்டத்தில் ரொட்டாலியானா சமவெளி. நோச்சே ஆறு வந்து அடிஜேயில் கலக்கும் இடம், மண்ணைத் தோண்டினால் கூழாங்கல். மெட்ஸோலொம்பார்டோ, மெட்ஸோகொரோனா, சான் மிக்கேலே அல்லடிஜே என்ற மூன்று ஊர்களைச் சுற்றி விளையும் டெரோல்டெகோதான் இந்த மாகாணத்தின் பெரிய சிவப்பு. 1971 இல் அதற்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. நாவல்பழத்தைப் பிழிந்தது போல நிறம், வாசனையும் அந்தப் பக்கம்தான். நிறத்தைப் பார்த்து நாக்கு கட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். துவர்ப்பு மிதம், புளிப்புதான் எடுப்பு, கடைசியில் லேசான கசப்பு. ஒரு காலத்தில் விளைச்சல் அளவுக்காக வளர்த்துத் தரம் குறைந்துபோயிருந்த இந்தத் திராட்சையை, 1980களிலிருந்து பழைய கொடிகளைத் தேடித் தேர்ந்தெடுத்து நட்டு மீட்டவர்களில் முன்னால் நிற்பவர் எலிசபெத்தா ஃபொராடோரி. சில ஒயின்களை அவர் களிமண் ஜாடிகளில் வைத்துத்தான் பக்குவப்படுத்துகிறார்.

தெற்கே, ரொவெரேத்தோ பக்கம், வல்லகரீனா பள்ளத்தாக்கில் மர்ட்செமினோ. இதுவும் சிவப்பு, மென்மையானது, வயலெட் பூ வாசனை உடையது. ஸ்கியாவா இன்னும் லேசு. ரோஜா நிறத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அதுவே போதும்.

ஏரிகள் வரிசையாகக் கிடக்கும் வல்லே தெய் லாகி பள்ளத்தாக்கில் நொஸியோலா. ட்ரென்டினோவின் சொந்த வெள்ளைத் திராட்சை. ஹேசல்நட்டுக்கான இத்தாலியச் சொல்லோடு இதன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், குடித்து முடித்ததும் அந்தக் கொட்டையின் மெல்லிய கசப்பு நாக்கில் நிற்கும். வாசனை கூச்ச சுபாவம். அவசரப்பட்டுக் குடித்தால் ‘தண்ணீர் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்தது இதுதான். பலருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

இன்னும் மேலே செம்ப்ரா பள்ளத்தாக்கு. செங்குத்தான சரிவுகளைச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்களால் படிப்படியாக்கி, கொடிகளைப் பந்தலில் ஏற்றியிருப்பார்கள். இயந்திரம் ஏறாத இடங்களில் எல்லாம் கைவேலைதான். அங்கே விளைவது முல்லர் துர்காவ். சுவிட்சர்லாந்தின் துர்காவ் பகுதியைச் சேர்ந்த ஹெர்மான் முல்லர் 1882 இல் ஜெர்மனியின் கைசன்ஹைமில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய கலப்பினம் இது. வெயில் கொட்டும் தாழ்நிலத்தில் சப்பென்று போய்விடும். 500 மீட்டருக்கு மேல் ஏற்றினால்தான், இரவுக் குளிரில் புளிப்பும் வாசனையும் தங்கும்.

அப்புறம் ட்ரென்டோடாக், குமிழி ஒயின். ஷாம்பெயின் செய்யும் அதே முறைதான், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க விடுவார்கள். சான் மிக்கேலே விவசாயப் பள்ளியில் படித்து, ஷாம்பெயின் பகுதிக்குப் போய்த் தொழில் கற்று வந்த ஜூலியோ ஃபெராரி 1902 இல் தன் பெயரில் நிறுவனம் வைத்து இதைத் தொடங்கினார். 1952 இல் புரூனோ லுனெல்லிக்கு விற்றார், இன்றும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. சிவப்புக் கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் 2021 தொடங்கி சில ஆண்டுகள் ஃபார்முலா 1 பந்தய மேடையில் வென்றவர்கள் பீய்ச்சியது இந்த ஃபெராரியைத்தான். இன்று பல நிறுவனங்கள் ட்ரென்டோடாக் செய்கின்றன. சாதா வகை குறைந்தது 15 மாதம் ஈஸ்ட்டோடு பாட்டிலில் கிடக்க வேண்டும், ஆண்டு குறித்த வகைக்கு 24, ரிசெர்வா என்ற மேல்வகைக்கு 36. மாதம் கூடக்கூட ரொட்டி வாசனை ஏறும், விலையும்.

மூன்றாம் படி: குளிர்ச்சி

இதில்தான் நம் வீடுகளில் ஒயின் வீணாகிறது. ‘சிவப்பை அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எழுதியவர்கள் குளிர்காலத்துக் கல்வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் அறை 17 டிகிரி. ஏப்ரல் மாதத்துச் சென்னை அறை வேறு. டெரோல்டெகோவை ஒரு மணி நேரமாவது பிரிட்ஜில் வைத்து 16 முதல் 18 டிகிரியில் ஊற்றுங்கள். மர்ட்செமினோ, ஸ்கியாவா இரண்டும் இன்னும் குளிர்ந்து, 14 பக்கம். நொஸியோலாவும் முல்லரும் 10 முதல் 12, ட்ரென்டோடாக் 8 முதல் 10. ஐஸ் போடாதீர்கள். பல்லைக் கூசும் குளிரில் நொஸியோலா ஊமையாகிவிடும்.

நான்காம் படி: தட்டோடு சேர்ப்பது

கனேடர்லி என்ற ரொட்டி உருண்டையிலிருந்து தொடங்குவோம், இந்த ஊரைப் புரிந்துகொள்ள அது ஒன்று போதும். இரண்டு நாள் பழைய ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டிப் பாலும் முட்டையும் ஊற்றி ஊறவிடுவார்கள். ஸ்பெக் துண்டு, பார்ஸ்லி, துருவிய சீஸ், ஒட்டுவதற்குக் கொஞ்சம் மாவு. ஈரக் கையால் ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருட்டிக் கொதிநீரில் போடுவார்கள். உருண்டை கரையாமல் மேலே வந்தால் சமைத்தவருக்கு நிம்மதி. சாப்பிடும்போது கத்தியை எடுக்கக் கூடாது. முள்கரண்டியின் ஓரத்தை அழுத்தினாலே அது பிளக்க வேண்டும். கத்தியால் வெட்டினால் ‘உன் உருண்டை கல்’ என்று சமைத்தவரிடம் சொன்னதாக அர்த்தம்.

இது இரண்டு விதமாக மேசைக்கு வரும், ஒயினும் அதற்கேற்ப மாறும். சூடான சூப்பில் மிதந்து வந்தால் ஒயினை அவசரப்படுத்தாதீர்கள். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் நாக்கு மரத்துப்போகும். சூப்பைப் பாதி முடித்துவிட்டு, ஸ்கியாவா கொஞ்சம் கொஞ்சமாக. உருக்கிய வெண்ணெயும் சீஸும் மேலே போட்டு வந்தால் ட்ரென்டோடாக். உருகிய வெண்ணெய் நாக்கில் படிந்திருக்க, குமிழி வந்து துடைத்துவிட்டுப் போகும். அடுத்த உருண்டையும் முதல் உருண்டை போலவே ருசிக்கும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பெக் இல்லாமல் கீரை அல்லது சீஸ் போட்ட கனேடர்லி கிடைக்கும், ஆனால் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ட்ரென்டின்கிரானா போன்ற பழுத்த சீஸ்களில் பால் உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். அதை ஏற்காதவர்களுக்கு இந்த ஊர்த் தட்டு மிகவும் சுருங்கிவிடும். முட்டையும் சீஸும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஸ்ட்ராங்கோலாப்ரேட்டி இருக்கிறது. கீரையும் பழைய ரொட்டியும் சேர்த்த பச்சை உருண்டைகள், மேலே சேஜ் வெண்ணெய். பெயருக்குப் ‘பாதிரியார் குரல்வளையை நெரிப்பது’ என்று பொருள், ஆசைப்பட்டு வேகமாக விழுங்கினவர்களின் கதை. இதற்கு நொஸியோலா. கீரையின் மண் வாசனைக்கும் அதன் கசப்புக்கும் நல்ல சிநேகம்.

கார்னே சலாடா, கார்டா ஏரியின் வடகரைச் சரக்கு. மாட்டின் தொடைக் கறியை உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை, ஜூனிப்பர் காய் எல்லாம் போட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். பச்சையாகக் காகிதம் போலச் சீவி ஆலிவ் எண்ணெய் விட்டுத் தந்தால், ரோஜா நிற ட்ரென்டோடாக் அல்லது நொஸியோலா. அதே கறியைக் கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி, வேகவைத்த பீன்ஸ் கொட்டையோடு வைத்தால் மர்ட்செமினோ. ஒரே கறி, அடுப்பில் பட்டதும் துணை மாறுகிறது. உணவகங்களில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தருவதுண்டு. அப்போது நான் மர்ட்செமினோவைக் குளிர்த்துக் கேட்பேன், சண்டை தீர்ந்தது.

டிரவுட், சார் போன்ற நன்னீர் மீன்களுக்கு வெள்ளை மட்டும்தான். என் கதைதான் மேலே இருக்கிறதே. வெண்ணெயில் வறுத்தால் நொஸியோலா, புகையிட்டதற்கு முல்லர். வசந்த காலத்தில் ட்ஸம்பானா ஊரின் வெள்ளை அஸ்பாரகஸ், அவித்த முட்டையும் வினிகரும் சேர்ந்த சாறோடு வரும். அதற்கும் முல்லர். வினிகர் முன்னால் எந்த ஒயினும் கொஞ்சம் தோற்கத்தான் செய்யும். சீரகம் போன்ற காரவே விதை தூவிய முட்டைக்கோஸ் சாலட்டுக்கும் இதே பிரச்சினை. சாலட்டைச் சாப்பிட்டு, ஒரு துண்டு ரொட்டி மென்றுவிட்டுக் கோப்பையைத் தொடுங்கள்.

டோர்டெல் தெ பட்டாட்டே என்பது துருவிய உருளைக்கிழங்கை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த அடை. கூடவே ஸ்பெக், சீஸ், பீன்ஸ் என்று ஒரு பட்டாளம். பொரித்ததற்குக் குமிழி, யோசிக்கவே வேண்டாம்.

போலென்டாவுக்கு வந்தால் டெரோல்டெகோவின் நேரம். கியேசே பள்ளத்தாக்கின் ஸ்டோரோ ஊரில் விளையும் மரானோ வகைச் சோளம் ஆழ்ந்த மஞ்சள், மாவு கொரகொரப்பு. செம்புப் பானையில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிண்டுவார்கள். நம் ஊர்க் களி கிண்டுகிற அதே தோள்வலி. போலென்டாவுக்கு என்று தனிச் சுவை அதிகம் கிடையாது, அது இலை மாதிரி. எது பக்கத்தில் விழுகிறதோ அதற்குத்தான் ஒயின். லுகானெகா தொத்திறைச்சி, காட்டுக் காளான், ஆஸ்திரியா விட்டுப்போன குலாஷ் கறிக்குழம்பு, மான் கறி, எதுவானாலும் டெரோல்டெகோ தாங்கும். காளான் மட்டும் என்றால் கொஞ்சம் வயதான பாட்டிலாகக் கேளுங்கள்.

சீஸில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். புட்ஸோனே தி மோயேனா. பெயரே ‘பெருநாற்றக்காரன்’. பழுக்கும் காலம் முழுவதும் அதன் தோலை வெதுவெதுப்பான உப்புநீரால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தோலில் வளரும் நுண்ணுயிர்கள்தான் நாற்றத்துக்குக் காரணம். கருவாட்டுக் கடையைக் கடந்து போகிற தைரியம் உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. மூக்கைத் தாண்டி வாய்க்குள் போனால் இனிப்பும் உப்பும் கலந்த மெத்தென்ற சீஸ். டெரோல்டெகோவைவிட, வாசனை தூக்கலான டிராமினர் வெள்ளை ஒயின் இதற்குப் பொருந்தும் என்பது என் கட்சி. நாற்றத்தோடு மல்லுக்கட்ட ரோஜாப்பூ வாசனை வேண்டியிருக்கிறது. நன்றாகப் பழுத்த வெட்ஸேனாவுக்கும் ட்ரென்டின்கிரானாவுக்கும் டெரோல்டெகோ அல்லது நீண்ட நாள் கிடந்த ட்ரென்டோடாக், இரண்டில் எதுவும் தப்பாகாது.

ஐந்தாம் படி: இனிப்பும் வினோ சான்டோவும்

இனிப்புக்கு விதி ஒன்றுதான். தட்டில் இருப்பதைவிடக் கோப்பையில் இருப்பது இனிப்பாக இருக்க வேண்டும். புளிப்பு ஒயினை ஆப்பிள் ஸ்ட்ரூடலோடு குடித்தால் எலுமிச்சை கடித்த முகம் வரும்.

ட்ரென்டினோவின் பதில் வினோ சான்டோ. டஸ்கனியின் வின் சான்டோ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். நொஸியோலாக் குலைகளில் இடைவெளி விட்டுக் காய்த்தவற்றைப் பொறுக்கி, மாடியில் அரேலே என்ற தட்டிகளில் பரப்புவார்கள். சன்னல்கள் திறந்தே கிடக்கும். கார்டா ஏரியிலிருந்து ஓரா என்ற காற்று நாள்தோறும் வந்து பழங்களைத் தொட்டுவிட்டுப் போகும். பழம் சுருங்கும், உள்ளே நல்ல பூஞ்சை பிடிக்கும். இலையுதிர் காலத்தில் பறித்ததை ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில்தான் பிழிவார்கள், சான்டோ (புனிதம்) என்ற பெயரும் அதனால்தான். 100 கிலோ திராட்சைக்கு 20 லிட்டர்கூடத் தேறாது. அதுவும் சின்னப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நொதிக்கும். பாட்டில் சிறியது, விலை பெரியது.

தேன், பேரீச்சை, ஆரஞ்சுத் தோல். இவ்வளவு இனிப்பிலும் நொஸியோலாவின் புளிப்பு அடியில் நிற்பதால் திகட்டாது. ட்ஸெல்டென் என்ற கிறிஸ்துமஸ் உலர்பழக் கேக்குக்கும், பாதாம் போட்டு உதிரி உதிரியாக இருக்கும் ஃப்ரெகொலோட்டி கேக்குக்கும் இதுவே துணை. ஃப்ரெகொலோட்டியைக் கையால் உடைத்துச் சாப்பிடுவது வழக்கம். நீல நரம்போடிய சீஸ் ஒரு துண்டு கிடைத்தால் அதோடும் ஒருமுறை குடித்துப் பாருங்கள். 12 டிகிரி போதும், அளவு இரண்டு மடக்கு.

ஆறாம் படி: கிராப்பா

கிராப்பா ஒயினைக் காய்ச்சி வடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் தோல், விதை, அந்தச் சக்கையிலிருந்து வடிப்பது அது. ஏழைகளின் சரக்காகத்தான் தொடங்கியது. சக்கை புதிதாக, ஈரமாக இருக்க வேண்டும், தாமதித்தால் காடியாகிவிடும். ட்ரென்டினோவில் சக்கைக் கொப்பரைக்கு நேரடித் தீ காட்ட மாட்டார்கள். சுற்றிலும் கொதிநீர் இருக்க, நடுவில் செம்புக் கொப்பரை. அடிப்பிடிக்காமல் நிதானமாக வடியும். முதலில் வருவதற்குத் தலை என்று பெயர், கடைசியில் வருவது வால். இரண்டையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வரும் நெஞ்சை மட்டும் எடுப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைத்திறன். வல்லே தெய் லாகியில் சான்டா மஸ்ஸென்ட்ஸா என்ற சின்ன ஊரில் சில குடும்பங்கள் இன்றும் இப்படித்தான் வடிக்கின்றன.

நல்லதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, அரை நிமிடம் பொறுத்து முகருங்கள். சாராயம் பறந்துபோயிருக்கும். உலர்திராட்சை, புது ரொட்டி, பூ என்று வாசனை மிஞ்சினால் சரி. நகப்பூச்சு வாசனை அடித்தால் தலையைச் சரியாக வெட்டவில்லை. கோப்பைக்குள் மூக்கை நுழைக்காதீர்கள், 40 சதவீதம் பக்கம் சாராயம், கண்ணில் நீர் வரும். ஒரே மடக்கில் கவிழ்ப்பதும் வேண்டாம். ட்யூலிப் வடிவச் சின்னக் கோப்பை, சிறு மடக்கு.

மரப் பீப்பாய் காணாத இளம் கிராப்பாவைக் குளிர்த்து, 10 டிகிரி பக்கம். முல்லர், டிராமினர் போன்ற வாசனைத் திராட்சையிலிருந்து வந்தது ஸ்ட்ரூடலோடு நன்றாகச் சேரும். 12 மாதம் மரத்தில் இருந்தால் இன்வெக்கியாட்டா, 18 மாதம் ஆனால் ரிசெர்வா. இவற்றைக் குளிர்த்தாமல் கறுப்புச் சாக்லேட் அல்லது பழுத்த வெட்ஸேனாவோடு. ரூத்தா இலை, ஜென்ஷியன் வேர் போட்ட மூலிகை வகைகளுக்கு எதையும் சேர்க்க வேண்டாம். அருவதாச் செடிதான் அந்த ரூத்தா. பாட்டிலுக்குள்ளேயே ஒரு கொத்து நிற்கும். கசப்பு தனியாகவே பேசட்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர் இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டும். இத்தாலியில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். உரிமம் எடுத்து மூன்றாண்டு ஆகாதவர்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் சுழியம். குடிக்காதவர்களுக்கு நோன் பள்ளத்தாக்கு ஆப்பிள் சாறும், எல்டர் பூ சர்பத்தும் உண்டு. வெண்ணெய் கனேடர்லிக்கு ஆப்பிள் சாறு நன்றாகவே வேலை செய்யும், புளிப்புதானே கணக்கு.

ஒரு முழு மாலை

வீட்டில் நான்கு பேரை அழைத்தால் நான் இந்த வரிசையில் போவேன். வந்ததும் ட்ரென்டோடாக், கொறிக்க ட்ரென்டின்கிரானாவை உடைத்துப் போட்டு. அதே பாட்டில் வெண்ணெய் கனேடர்லி வரை ஓடும். அடுத்து போலென்டாவும் காளானும், கறி சாப்பிடுபவர்களுக்குத் தொத்திறைச்சியும், டெரோல்டெகோ ஒரு பாட்டில். சீஸுக்கு அதன் மிச்சம். பிறகு கேக்கும் வினோ சான்டோவும். நொஸியோலாவை இங்கே சேர்க்கவில்லை, அதை ஊருக்குப் போய் மீனோடு குடியுங்கள். இந்தியாவுக்கு வரும்போது ஒருவர் 2 லிட்டர் வரைதான் வரியில்லாமல் கொண்டுவர முடியும். எனவே பெட்டியில் இடம் கிராப்பாவுக்கும் வினோ சான்டோவுக்கும். கிராப்பா திறந்தபின்னும் மாதக்கணக்கில் கெடாது.

கடைசியில் காபி. வடகிழக்கு இத்தாலியில் ரெஸென்தின் என்று ஒரு பழக்கம். எஸ்பிரெஸ்ஸோவைக் குடித்து முடித்ததும் அடியில் கொஞ்சம் சர்க்கரையும் மண்டியும் ஒட்டியிருக்கும். அந்தச் சூடான கோப்பைக்குள் ஒரு விரற்கடை கிராப்பா ஊற்றிச் சுழற்றுவார்கள். கோப்பை கழுவினது போலச் சுத்தமாகும். அந்தக் கழுவின நீரைத்தான் குடிக்க வேண்டும்.